சிவப்புக் குறியிட்ட பொட்டலம்

ஜூன் 3, செவ்வாய்

தெருமுனைக் குப்பைத் தொட்டியைக் காலையில் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இடத்தைக் கழுவி, பெரிதாகக் கோலம் போட்டு, இரண்டு பூந்தொட்டியும் வைத்திருக்கிறார்கள். கல்யாண வீடு தோற்றது போங்கள்.

இனிமேல் வண்டி வாசலுக்கே வருமாம். மக்கும் குப்பை பச்சை டப்பாவில், மக்காதது நீல டப்பாவில். நாப்கின், டயபர், ஊசி, பழைய மாத்திரை எல்லாவற்றையும் தாளில் சுற்றி, சிவப்புக் குறி போட்டு, தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். கடைக் குப்பை வேறு, வீட்டுக் குப்பை வேறு. துண்டுத்தாள் கொடுத்த பெண் என்னிடம் இது கடையா வீடா என்று கேட்டாள். முன்னறையில் இட்லிக் கடை, நடுவில் அடுக்களை, பின்னறையில் என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார். எங்கே கோடு போடுவது? கடை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

வண்டி வருவது காலை ஏழு மணிக்கு. கடையில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நிற்கிற நேரம். அத்தனை பேர் முன்னால் இவருடைய டயபரை நான் சிவப்புக் குறி போட்டு நீட்ட வேண்டும். இதுவரை விடியுமுன் கறுப்புப் பையில் கட்டி அந்தத் தொட்டியில் போட்டுவிட்டு, வந்து தலையோடு குளித்துவிட்டுத்தான் மாவுப் பாத்திரத்தைத் தொடுவேன். என் சுத்தம் எனக்குத் தெரியும். ஊருக்கு யார் சொல்வது?

ஜூன் 4, புதன்

இன்றைய டயபர் மூன்றும் குளியலறையில், மூடி போட்ட வாளியில் இருக்கின்றன. ஊதுபத்தி கூடுதலாகக் கொளுத்தினேன். வாசனை நன்றாக இருப்பதாக, தினமும் சாப்பிட வரும் கொம்பையா சார் மெச்சிக்கொண்டார்.

ஜூன் 6, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். எச்சில் இலைகளோடு இலையாக, நடுவில் வைத்துச் சுருட்டிப் பச்சை டப்பாவில் அமுக்கிவிட்டேன். வண்டிக்காரப் பெண் பேச்சித்தாய் வாங்கிக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது.

சாம்பாரில் இன்று உப்பு ஒரு கை தூக்கல். யாரும் சொல்லவில்லை. தண்ணீர்தான் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

ஜூன் 9, திங்கள்

கூட்டம் குறைந்த பிறகு பேச்சித்தாய் திரும்பி வந்தாள். கடைக்குள் வராமல், பக்கத்தில் இருக்கிற குறுகலான முடுக்குக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டாள். அவ்வளவு நாகரிகமாவது இருந்தது. உரக்கிடங்கில் இலைகளைக் கையால் பிரித்துத்தான் குழியில் போடுவார்களாம். எனக்கு அது தெரியாது. இயந்திரம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"யக்கா, உங்க கடைக்கு ஆளு வராமப் போயிரும்னு நீங்க பயப்படுதீய. நான் இந்தக் கையாலதான் இலையப் பிரிக்கேன். இந்தக் கையாலதான் சோறும் திங்கேன்" என்றாள்.

எனக்கு முகத்தைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்கத்தில் கோபம்தான் முதலில் வந்தது. வீட்டில் சீக்காளி கிடப்பது உனக்கு எப்படிப் புரியும் என்று கத்திவிட்டேன். பிறகு கெஞ்சினேன். இந்த முடுக்கு வழியாக வந்து வாங்கிக்கொள்ள முடியாதா, கடை ஓய்ந்த பிறகு பத்து மணிக்கு வரக் கூடாதா என்றேன். பத்து மணிக்கு வண்டி கிடங்குக்குப் போய்விட வேண்டும், வாசலில் ஒட்டியிருக்கிற அட்டையைப் போனில் பிடிக்காவிட்டால் இவளுக்குச் சம்பளம் பிடிப்பார்கள் என்றாள். இன்னொரு முறை இலைக்குள் வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவாளாம்.

நாங்கள் பேசியது இவருடைய கட்டிலை ஒட்டிய சன்னலுக்கு நேர் கீழே. நல்லவேளை, உள்ளே வந்து பார்த்தபோது கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, செவ்வாய்

செம்பகத்திடம் போனில் சொன்னேன். கடையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால்தான் என்னம்மா என்று கேட்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கிற என் மகளுக்கு இட்லிக் கடையைப் பற்றி என்ன தெரியும்? எதிர்வாடையில் பரோட்டாக் கடை வைத்திருந்தவருக்குக் கையில் வெண்புள்ளி வந்தது. ஒட்டாத நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். வந்தவர்கள் அதைப் படித்தார்கள், மறுநாள் வேறு கடைக்குப் போனார்கள். அந்தக் கடை இப்போது செல்போன் கடை.

இவருக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போனபோது, உண்மையாகவே ஒரு மாதம் செம்பகம் வீட்டில்தான் இருந்தார். இரண்டு பேர் புழங்கவே இடம் பற்றாத வீடு அது. ஆளரவம் இல்லாத நேரமாகப் பார்த்து வேனில் கூட்டி வந்தோம். யார் கேட்டாலும் 'மக வீட்ல இருக்காவ' என்று நான் சொல்லியிருந்தேன். அதை அப்படியே வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். படுக்கையிலேயே எல்லாம் போகிற ஒரு ஆள் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால், யார் அடுத்த இட்லி கேட்பார்கள்?

இந்தக் கொம்பையா சார் ஒருத்தர். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், இவருக்கு நெடுநாள் சேக்காளி. தினமும் தவறாமல், "திருப்பூர்ல அண்ணாச்சி சொகமா இருக்காவளா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேட்பார். சொகந்தான் சார் என்று நானும் அதே சத்தத்தில் சொல்லிவிட்டுச் சட்னியை ஊற்றுவேன். பத்தடி தள்ளி, திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இவரும் கேட்டுக்கொண்டிருப்பார். கடை நேரத்தில் இருமல் வந்தால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்ளப் பழகிவிட்டார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

வாளி நிரம்பி நாற்றம் தாங்கவில்லை. கறுப்புப் பையை எடுத்துக்கொண்டு விடியுமுன் வாய்க்கால் கரைக்குப் போனேன். அங்கே காவலுக்கு ஆள் போட்டு வைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் படம் பிடித்துவிட்டான்.

ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். பையில் என்ன இருந்தது, கடைக் கழிவா வீட்டுக் கழிவா என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு மத்தியில் கேட்டார். கடைக் கழிவுதான், அழுகின காய்கறி என்றேன். அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மறுபடி நடந்தால் கடைக்கு உரிமம் புதுப்பிக்க மாட்டார்களாம். அவர் ஒன்றும் கெட்டவராகத் தெரியவில்லை. சீட்டைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடை மூடிவிட்டு இவருடைய கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வாய்க்கு வந்ததைப் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. இவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் உருவிக்கொண்டு உளுந்து ஊறப்போடப் போனேன்.

ஜூன் 14, சனி

கடை லீவு போட முடியாது. காலையில் எழுந்தேன், மாவைக் கரைத்தேன், ஊற்றினேன்.

ஜூன் 17, செவ்வாய்

கடவுள் கொஞ்சம் கண் திறந்திருக்கிறார். இரண்டு நாளாக டயபர் ஒன்றோ இரண்டோதான் ஆகிறது. வயிறு ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டது போல. ராகிக் கஞ்சியும் மோரும் ஒத்துக்கொள்கிறது.

இன்னொரு நல்லது. முன்பெல்லாம் டம்ளரை நான் பிடித்து ஊட்ட வேண்டும். இப்போது இடது கையை நீட்டி வாங்கி வைத்துக்கொள்கிறார். நீ போ, வேலையைப் பார் என்பது போலக் கையை ஆட்டுகிறார். நான் தோசைக்கல்லைக் கவனித்துவிட்டு வருவதற்குள் டம்ளர் காலி. தானே குடித்துக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார் என்று செம்பகத்திடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

ஜூன் 20, வெள்ளி

பேச்சித்தாயோடு சமாதானம். ஒரே ஒரு பொட்டலம்தான் என்றால் சிரமம் இல்லை, தாளில் சுற்றி, சிவப்புக் குறியையும் போட்டு, பழைய பால்பவுடர் டப்பாவுக்குள் வைத்து, நீல டப்பாவுக்குள் நிறுத்தி வையுங்கள், எனக்குத் தெரியும், நான் தனியாக எடுத்துக்கொள்கிறேன் என்றாள். யாருக்கும் தெரியாது. அவளுக்கு இரண்டு இட்லி பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். பிறகு, கெட்டிச் சட்னி இருந்தால் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டாள்.

பின்சுவர் முடுக்குப் பக்கம் ஈரம் கோத்துக் கிடக்கிறது. அடுத்த வீட்டு மாடித் தொட்டி ஒழுகுகிறது. சொல்லி வைக்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று போன மாதம் டயபரைப் பெட்டியாகவே வாங்கிப் போட்டேன். பாதிகூடத் தீரவில்லை. இன்று முழுக்க ஒன்றுதான். அதுவும் பாரமே இல்லை.

காற்றுக் காலம் என்பதால் உதடு வெடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன். கன்னமும் கொஞ்சம் வற்றித்தான் இருக்கிறது. படுத்தே கிடந்தால் உடம்பு வற்றத்தானே செய்யும்.

ஜூன் 27, வெள்ளி

அடுத்த வீட்டு ராசம்மாளிடம் தொட்டி ஒழுகுவதைப் பற்றிக் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். எங்கள் தொட்டி தெருப் பக்கம் அல்லவா இருக்கிறது என்று அவளும் சூடாகவே சொன்னாள். எப்போது பார்த்தாலும் தப்பித்துக்கொள்வாள்.

இவர் நாள் முழுக்கத் தூங்குகிறார். கடை நேரத்தில் சத்தமே இல்லை. சிறுநீர் தேயிலைத் தண்ணீர் மாதிரிக் கறுத்துப் போகிறது. மாத்திரையின் நிறமாக இருக்கும்.

ஜூன் 30, திங்கள்

காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், என்னைப் பார்க்கவில்லை. ஆம்புலன்சை வாசலுக்கே வரச் சொன்னேன். கடையில் இட்லி வெந்துகொண்டிருந்தது, ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் அவர்களுக்கு நடுவில்தான் வந்தது. எல்லோரும் இலையை விட்டு எழுந்து நின்றார்கள். கொம்பையா சார் அடுப்பை அணைத்துவிட்டு, பூட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரி. உடம்பில் நீரே இல்லை, சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்கிறார்கள். வீட்டில் தண்ணீர் கொடுப்பதில்லையா என்று ஒரு சின்னப் பெண் டாக்டர் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். வேளைக்கு வேளை கொடுத்தேன், தண்ணீர், மோர், கஞ்சி, ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் டம்ளர் காலியாகத்தான் திரும்பி வரும் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

செம்பகம் வந்துவிட்டாள்.

ஜூலை 2, புதன்

இவருக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். அறைக்குள் ஈ மொய்த்தது. சன்னல் வழியாக வருகிறதே என்று முடுக்குக்குள் போய்ப் பார்த்தேன்.

சன்னலுக்குக் கீழே சுவர் முழுக்க வழிந்து காய்ந்திருக்கிறது. வெள்ளையாக மோர். அதன்மேல் ராகிக் கஞ்சி, ஏடு ஏடாக. தரையில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பேச்சித்தாய் சொன்னதைக் கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் சொன்னதையும் கேட்டிருக்கிறார். நான் கட்டிலில் உட்கார்ந்து பேசியதைக் கேட்டிருக்கிறார். அவரால் எனக்குச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அதைச் செய்திருக்கிறார். நான் டயபர் குறைந்ததே என்று சாமிக்குச் சூடம் ஏற்றியிருக்கிறேன்.

அந்தச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேனோ. ராசம்மாள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஈரம் அவள் தொட்டியிலிருந்து வந்தது இல்லை என்று சொல்ல நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஜூலை 3, வியாழன்

டியூப் வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். இடது கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருக்கிறார்கள், பிடுங்கிவிடுகிறாராம். அவிழ்த்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கடை போனால் போகட்டும், நீங்கள் குடியுங்கள் என்று காதில் சொன்னேன். கேட்டதா தெரியவில்லை.

ஜூலை 5, சனி

விடிகாலையில் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் நானும் செம்பகமும் பேசி வைத்துக்கொண்டோம். போன வாரம்தான் திருப்பூரில் இருந்து கூட்டி வந்தோம், வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்வது என்று. மாலையோடு தெருவே வந்தது. கடையில் சாப்பிடுகிற ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். அண்ணாச்சி எப்போது வந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். யாருமே கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காரியம் எல்லாம் முடிந்து இன்று கடை திறந்தேன். மாவு புளித்த பதம் சரியில்லை, இட்லி கொஞ்சம் கல்லாகத்தான் வந்தது. ஆனாலும் பழைய ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஏழு மணிக்குப் பேச்சித்தாய் வந்தாள். பச்சை, நீலம் இரண்டையும் கவிழ்த்தாள். நீல டப்பாவை ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொம்பையா சார் இன்று என்னிடம் எதையும் கேட்கவில்லை. மற்றவர்கள் எழுந்து போகிற வரைக்கும் இட்லியைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தானே சொன்னார். அண்ணாச்சி உள்ளே இருப்பது ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம், அவருடைய இருமல் தெரியாதா என்றார். கடையில் எல்லோருக்குமே தெரியுமாம். நீங்கள் மறைக்க நினைப்பதை நாங்கள் எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டார்களாம். தன்னை விசாரிக்க ஒரு ஆள் இருக்கிறது என்று அண்ணாச்சி காதில் விழட்டுமே என்றுதான் சத்தமாகக் கேட்பாராம்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இதை ஒரு நாள், ஒரே ஒரு நாள் சாரோ நானோ வாயைத் திறந்து பேசியிருந்தால் இவர் தண்ணீர் குடித்திருப்பார். நாங்கள் எல்லோரும் நல்லவர்களாக இருந்தே இவரைக் கொன்றிருக்கிறோம். சாரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

கொஞ்ச நேரம் கழித்துக் குரலை இறக்கிக்கொண்டு, அந்த டயபர் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மனைவி தை மாதம் குளியலறையில் விழுந்து, இடுப்பு எலும்பு போய்ப் படுத்த படுக்கையாம். நான் மதினி எப்படி இருக்காவ என்று எத்தனை முறை கேட்டிருப்பேன், இருக்கா இருக்கா என்று இரண்டு இட்லியைக் கட்டிக்கொண்டு போவார். மேல்வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்று சாரும் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

பெட்டியோடு எடுத்து வந்து முன்னால் வைத்தேன். இவ்வளவு வேண்டாம் என்றார்.

"முன்னால நாலு ஆவும்மா. இப்பக் கொஞ்ச நாளா ஒண்ணுதான். புண்ணியவதி, எனக்குச் செரமம் கொடுக்காம கொறச்சுக்கிட்டா."

நான் அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், டம்ளரைக் கையில கொடுத்துட்டு வந்திராதீய. குடிச்சு முடிக்கது வரைக்கும் கூட நின்னு பாருங்க" என்றேன். அவர் விழித்தார். "அவுக படுத்திருக்க எடத்துல சன்னல் இருக்கா, சார்?" என்று கேட்டேன்.

இருக்கிறது என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. பாதி இட்லி இலையில் கிடந்தது. கை கழுவாமலே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.